கைக்கடிகாரமும் கைப்பிடியும்

ஈப்போ நகரில் கைக்கடிகாரம் விற்கும் சிறு கடையொன்றை நாம் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். விற்பனையோடு பழுது பார்க்கும் வேலையும் உண்டு. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், கடைக்கு வரும் வாலிபர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "இதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாமா?" என்பதே அது. ஒருவர் தியோமான் தீவில் முக்குளிக்கப் போகிறவர். இன்னொருவர் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகிறவர். மற்றொருவர் இங்கே பக்கத்திலுள்ள கோப்பெங்கில், கம்பார் ஆற்றின் பாய்ச்சலில் ரப்பர் மிதவை ஏறிப் போகிறவர். கையில் இருப்பதோ பல்லாயிரம் வெள்ளி பெறும் கடிகாரம்.

இந்தக் கேள்விக்கு வெகு காலமாக நாம் ஒரே மாதிரியாகப் பதில் சொல்லி வந்தோம். கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்போம். அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்போம். "இறங்கலாம்" என்றோ "கூடாது" என்றோ சொல்லி அனுப்புவோம். அது பிழையான பதில் அல்ல. ஆனால் போதாத பதில் என்பதை ஒரு சம்பவம் நமக்குக் கற்பித்தது. அதை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்ததற்கு மேல் படியாத நாம், தத்துவம் பேச வந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சில நாள் கணக்கு இடிக்கும். இடித்த கணக்கை நாலு பேரிடம் காட்டிச் சரி பார்ப்பது வியாபாரியின் வழக்கம். அவ்வளவுதான்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இதில் ஏமாந்து போகிறவர்கள் அநேகர்.

கடிகாரத்தின் முகத்திலோ முதுகிலோ "30 மீட்டர்" என்று இருந்தால், அதைக் கட்டிக்கொண்டு முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அந்த எண் சோதனைச் சாலையில், அசையாத நிலையில், கடிகாரத்தின் மேல் ஏற்றிப் பார்த்த அழுத்தத்தைக் குறிப்பது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு காற்றழுத்த அளவு கூடுகிறது என்பது கணக்கு. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் மழைத் தூறலும் கை கழுவும் நீரும் தாங்கும் என்றுதான் பொருள். 50 மீட்டர் என்றால் சிறிது நீந்தலாம். 100 மீட்டர் என்றால் நன்றாக நீந்தலாம். காற்றுக் கலம் முதுகில் கட்டி ஆழத்தில் முக்குளிக்கிறவர்கள் 200 மீட்டர் என்று பொறித்ததைத் தேடுவார்கள். இதற்கென்றே உலகத் தர நிர்ணய அமைப்பு 6425 என்ற எண்ணில் ஒரு விதி வைத்திருக்கிறது. முக்குளிப்போர் கடிகாரம் என்று பெயர் பெற வேண்டுமானால் குறைந்தது 100 மீட்டருக்குத் தாங்க வேண்டும்; குறித்த ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிடக் கால் பங்கு அதிகமாக ஏற்றிச் சோதிக்க வேண்டும்.

தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது எது? நூல் போன்ற ஒரு ரப்பர் வளையம். அது காலத்தால் காய்ந்து போகும்; வெந்நீரும் சவர்க்காரமும் உப்பும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். ஆதலால் ஐந்து வருஷத்துக்கு முன் 200 மீட்டர் தாங்கிய கடிகாரம் இன்றும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. கடலில் குளித்து வந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பக்கத்திலுள்ள சாவித் திருகை இறுக்கி மூடாமல் நீரில் இறங்கவே கூடாது. இவையெல்லாம் நம் தொழிலின் அரிச்சுவடி. அரிச்சுவடி தெரிந்தவன் கிதாபு முழுவதும் ஓதிவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. நாம் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

நிற்க. உயர்ந்த விலைக் கடிகாரத்தை நீர் விளையாட்டுக்குக் கட்டிப் போவது சரியா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. இரு கட்சியாரும் நம் கடையில் நின்று வாதிட்டிருக்கிறார்கள்.

முதல் கட்சியார் சொல்வது: "தண்ணீருக்கென்று செய்த பொருளைத் தண்ணீரில் கொண்டு போகாமல் வேறெங்கே கொண்டு போவது?" இதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கடிகாரங்களின் சரித்திரமே நீரில்தான் தொடங்குகிறது. ரோலக்ஸ் கம்பெனியார் 1926ஆம் ஆண்டில் 'ஆய்ஸ்டர்' என்ற பெயரில், முதுகும் சாவியும் திருகி மூடுகிற கடிகாரத்தைக் கொண்டு வந்தார்கள். மறு ஆண்டு, 1927 அக்டோபர் மாதத்தில், மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்மணி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். இலண்டனில் தட்டெழுத்து வேலை பார்த்த அவர், அக்கால்வாயைக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் ஆவார். அவர் கடந்ததைச் சிலர் சந்தேகித்தபடியால், அதே மாதம் 21ந் தேதி மறுபடியும் கடலில் இறங்கினார். அப்போது ஓர் ஆய்ஸ்டர் கடிகாரம் அவரோடு போயிற்று. குளிர் மிகுந்த அந்நீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியும் கரையை எட்ட முடியாமல், தளர்ந்த நிலையில் அவரைப் படகில் தூக்கினார்கள். கடிகாரமோ சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24ந் தேதி டெய்லி மெயில் பத்திரிகையின் முதற் பக்கத்தில் அந்தக் கடிகாரத்தின் விளம்பரம் வந்தது.

1953ஆம் ஆண்டில் பிளாங்பெயின் கம்பெனியார் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்ற கடிகாரத்தைச் செய்தார்கள். ஐம்பது ஃபாதம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். அக்கம்பெனியை நடத்திய ழான் ழாக் ஃபீஷ்டேர் தாமே முக்குளிப்பவர். நீருக்கடியில் நேரம் போனது தெரியாமல் காற்றுத் தீர்ந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் மேலே வந்த அனுபவம் அவருக்கு உண்டு. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களும் அந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். அதே 1953இல்தான் ரோலக்ஸின் 'சப்மரீனர்' கடிகாரமும் தோன்றியது. ஆக, இவை ஆரம்பத்தில் ஆடம்பரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. "இன்னும் எத்தனை நிமிஷத்துக்குக் காற்று இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் செய்தவை. உயிர் காக்கும் சாமான்கள்.

இரண்டாம் கட்சியார் சொல்வது: "அது அந்தக் காலம். இன்று முக்குளிப்பவர் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கணினியைக் கையில் கட்டிக்கொள்கிறார். மற்றவர் மணி பார்க்கக் கைத்தொலைபேசி இருக்கிறது. பல்லாயிரம் வெள்ளிப் பொருளை ஆற்றில் கொண்டுபோய்ப் பாறையில் மோதுவானேன்? வீட்டில் வைத்துவிட்டுப் போவதே அறிவு." இதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்சியில் எல்லை கடந்து போகிறவர்களும் உண்டு. நமக்குத் தெரிந்த ஒருவர், 300 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்தை வாங்கி வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறார். மழை வந்தாலும் அதைக் கட்டமாட்டார். நனைந்துவிடுமே என்று குடையை விரிக்காதவர் கதைதான்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று, எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவராக நாம் இருந்தோம். இனி அந்தச் சம்பவத்தைச் சொல்கிறோம்.

நம் தமக்கையின் மகன் ஒருவன் இருக்கிறான். பட்டம் பெற்று வேலையில் அமர்ந்த அன்று அவனுடைய வாப்பா, தாம் இருபது ஆண்டுகளாகக் கட்டியிருந்த சுவிட்சர்லாந்துக் கடிகாரத்தைக் கழற்றி மகன் கையில் கட்டினார். உணவுக் கடையில் அடுப்படியில் நின்று சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் அது. அதன் விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

விடுமுறையில் நண்பர்களோடு கோப்பெங்குக்குப் போகிற முதல் நாள் மாலை, மருமகன் நம் கடைக்கு வந்தான். "மாமா, இதைக் கட்டிக்கிட்டு ஆத்துல இறங்கலாமா?" என்று கேட்டான்.

முகத்தில் 200 மீட்டர் என்று இருந்தது. ஆயினும் பழைய கடிகாரம் என்பதால், முதுகைத் திறந்து பார்த்தோம். ரப்பர் வளையம் காய்ந்திருந்தது, மாற்றினோம். சாவித் திருகின் வளையத்தையும் மாற்றினோம். அழுத்தச் சோதனை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தோம். தேறிவிட்டது. பெருமையோடு கையில் கொடுத்து, "தண்ணியால ஒண்ணும் ஆகாது. ஆனா வாப்பா கொடுத்த அமானத்து, அது மேலயே ஒரு கண் வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பினோம். இந்தச் சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கம்பார் ஆற்றில் மிதவை ஏறுமுன் வழிகாட்டி எல்லாருக்கும் தலைக்கவசமும் உயிர்காப்புச் சட்டையும் மாட்டி, இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னாராம். ஒன்று, மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிக் கரையில் வைக்க வேண்டும். மற்றொன்று, துடுப்பின் மேல்நுனியில் குறுக்கே ஒரு பிடி இருக்கிறது. அதன்மேல் வைத்த கையை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் துடுப்பின் அந்த நுனி துள்ளிப் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். நண்பர்கள் கழற்றி வைத்தார்கள். நம் மருமகன் மட்டும், "இது தண்ணி புகாது. நேத்துத்தான் எங்க மாமா சோதிச்சுக் கொடுத்தாங்க" என்று சொல்லிக் கட்டியபடியே ஏறினான்.

நடு ஆற்றில் ஒரு பாறை இறக்கம். மிதவை மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தது. அந்த அதிர்ச்சியில் கடிகாரச் சங்கிலியின் கொக்கி திறந்துகொண்டது. மணிக்கட்டில் அது நழுவுவது தெரிந்ததும், துடுப்பின் பிடியை விட்டுக் கடிகாரத்தைப் பற்றினான். கணப்பொழுதுதான். துடுப்பின் நுனி திரும்பி அடுத்திருந்த நண்பனின் வாயில் அடித்தது. ஒரு பல் வேரோடு போயிற்று. இன்னொன்று பாதியாக உடைந்தது. உதடு கிழிந்து நாலு தையல்.

கடிகாரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சொட்டு நீர் உள்ளே புகவில்லை. நாம் செய்த சோதனையில் அது நூற்றுக்கு நூறு தேறியது.

அன்று இரவு நாம் கணக்குப் பார்த்தோம். எத்தனை ஆயிரம் வெள்ளி பெறும் கடிகாரமானாலும், அது கையில் நிற்பது ஒரு கொக்கியின் பலத்திலும், இரண்டு வெள்ளி பெறாத இரண்டு சிறு கம்பிகளின் பலத்திலும்தான். நாம் நீரைச் சோதித்தோம். கொக்கியை இழுத்துப் பார்க்கவில்லை. இருபது வருஷத் தேய்மானம் அதில் இருந்தது. இது தொழிலில் நாம் செய்த தவறு. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதைவிடப் பெரிய தவறு வேறொன்று இருந்தது.

மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். நம் தெருவிலேயே இருக்கும் குடும்பம். பிள்ளையின் தாயார் கதவைத் திறந்தார். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடிகாரத்துக்கு ஒண்ணும் ஆகலியே, நானா? அவுங்க வாப்பா கொடுத்ததாமே" என்று கேட்டார்.

அந்த அம்மையார் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நமக்குத்தான் பதில் வரவில்லை. நாமும் நம் மருமகனிடம் முதலில் கேட்டது அதுவல்லவா? ஆற்றிலிருந்து அவன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஒரு சின்ன விபத்து" என்று தொடங்கியபோது, நம் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கடிகாரம் இருக்கா?" என்பதுதான்.

இங்கேதான் கணக்கு இடித்தது. அந்த வாலிபன் கெட்டவன் அல்லன். நண்பனை நேசிக்கிறவன். "கடிகாரம் வேண்டுமா, நண்பனின் பல் வேண்டுமா?" என்று நிதானமாகக் கேட்டிருந்தால், யோசிக்காமல் கடிகாரத்தை ஆற்றில் எறிந்திருப்பான். ஆனால் ஆறு நிதானமாகக் கேட்பதில்லை. அந்தக் கணத்தில் புத்தி வேலை செய்வதில்லை. கைதான் வேலை செய்கிறது. கை எங்கே போகும்? முதல் நாள் நெஞ்சில் எதை எழுதி வைத்தோமோ அங்கே போகும். "அது மேலயே ஒரு கண் வெச்சுக்க" என்று எழுதி அனுப்பியவர் நாமே. "பக்கத்துல இருக்கிறவங்க மேல ஒரு கண் வெச்சுக்க" என்று சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

சிலர் கேட்கலாம்: "அமானத்தைக் காப்பது கடமையல்லவா? தகப்பனார் கொடுத்த பொருளை ஆற்றில் விட்டால் அது நன்றிகேடு ஆகாதா?" நல்ல கேள்வி. கடமைதான். ஆனால் ஒரே மிதவையில் ஏறிய ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் மற்ற ஐவரும் அமானத்து. துடுப்பின் பிடியைக் கையில் வாங்கிய கணத்திலேயே அந்தப் பொறுப்பையும் வாங்கியாயிற்று. இரண்டு அமானத்தை ஒரே கையில் ஏந்த முடியாதென்றால், ஒன்றைக் கரையில் வைத்துவிட்டு ஏறுவதுதான் முறை. வழிகாட்டி சொன்னதும் அதுதான். கடிகாரத்தை ஆற்றில் விடு என்று அவர் சொல்லவில்லை. கரையில் வை என்றார்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் தினமும் நாம் காண்பது என்ன? ஒளுச் செய்ய உட்காருகிறவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறார். அது 30 மீட்டர் தாங்குமா, 300 மீட்டர் தாங்குமா என்று அங்கே ஒருவரும் எண்ணைப் பார்ப்பதில்லை. கடிகாரம் கெடும் என்பதற்காக மட்டும் கழற்றுவதில்லை. கைக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது என்பதற்காகக் கழற்றுகிறோம். ஹவுளில் தெரிந்திருப்பது ஆற்றங்கரையில் மறந்து போகிறதே, அதற்குக் காரணம் என்ன? ஹவுளில் நம் கையை யாரும் படம் பிடிப்பதில்லை என்பதுதான் காரணமோ என்று சில சமயம் நமக்குச் சந்தேகம் வருகிறது. இதற்குப் பதிலை அவரவர் நெஞ்சிலேயே தேடிக்கொள்ளலாம்.

1927இல் கால்வாயில் நீந்திய பெண்மணியைப் பற்றிச் சொன்னோமல்லவா? அதில் ஒரு விவரத்தை இதற்கென்றே மீதி வைத்திருந்தோம். அவர் அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டியிருக்கவில்லை. கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கைகள் இரண்டும் நீந்துவதற்கே இருந்தன.

முக்குளிப்போர் கடிகாரத்திலும் இதே படிப்பினை இருக்கிறது. அதன் முகத்தைச் சுற்றி நிமிஷம் குறித்த வளையம் ஒன்று உண்டு. நீரில் இறங்கும் நேரத்தை அதைத் திருப்பிக் குறித்து வைப்பார்கள். பிற்காலத்துக் கடிகாரங்களில் இந்த வளையம் ஒரே திசையில்தான் திரும்பும். காரணம் யாதெனில், நீருக்கடியில் எங்காவது இடித்துத் தவறாகத் திரும்பிவிட்டாலும், போன நேரத்தை அது கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவர் கொஞ்சம் முன்னதாக மேலே வந்துவிடுவார்; காற்றுத் தீர்ந்து சாகமாட்டார். தவறு நேர்ந்தாலும் உயிரின் பக்கமே நேரட்டும் என்று எண்ணி அதைச் செய்தவர்கள், கடிகாரம் மனிதனுக்காக என்பதை மறக்கவில்லை. அதைக் கட்டுகிற நாம் மறந்துவிடுகிறோம்.

கடிகாரத்தின் வல்லமை ஒன்று, மனிதனின் வல்லமை ஒன்று. 1960 ஜனவரி 23ந் தேதி, ழாக் பிக்கார், டான் வால்ஷ் என்ற இருவர் 'திரியெஸ்ட்' என்ற ஆழ்கடல் கலத்தில் ஏறி, பசிபிக் சமுத்திரத்தின் மரியானா அகழியில் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். கலத்தின் வெளிப்புறத்தில் சோதனைக்காக ஒரு ரோலக்ஸ் கடிகாரத்தைப் பொருத்தியிருந்தார்கள். மேலே வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் இருவரும் தடித்த எஃகுக் கோளத்துக்குள் இருந்தபடியால் பிழைத்தார்கள். கடிகாரம் தாங்கும் இடத்தில் மனிதனின் பல்லும் எலும்பும் தாங்குவதில்லை. ஆகவே "கடிகாரம் தாங்குமா?" என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டால், நாம் தவறான இடத்தில் தொடங்கிவிட்டோம் என்று பொருள்.

முதல் கேள்வி வேறு. "இது இப்போது கையை விட்டுப் போனால், போகட்டும் என்று விட என்னால் முடியுமா?" முடியும் என்கிறவர், அது எத்தனை விலையானாலும் கட்டிக்கொண்டு இறங்கலாம், அவர் கை அவருடையதாகவே இருக்கும். முடியாது என்கிறவர், அது ஐம்பது வெள்ளிக் கடிகாரமானாலும் கரையில் வைக்கட்டும். விலையைப் பொறுத்த கேள்வி அல்ல இது. பணக்காரருக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம் என்பதும் இல்லை. அவரவர் தம் பிடியை அறிந்திருக்க வேண்டும் என்பதுதான். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொன்னார்கள். காலுக்குச் சொன்னதைக் கைக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் தேசத்தில் காசியோ கம்பெனியில் கிகுவோ இபே என்று ஒரு பொறியாளர். அவருக்கு அவருடைய தகப்பனார் கொடுத்த கடிகாரம் ஒரு நாள் கீழே விழுந்து உடைந்து போயிற்று. அவர் அதை எண்ணி அழுதுகொண்டிருக்கவில்லை. விழுந்தாலும் உடையாத கடிகாரம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முனைந்தார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். பத்து மடங்கு காற்றழுத்தத்துக்குரிய நீரைத் தாங்க வேண்டும். மின்கலம் பத்து ஆண்டு உழைக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டு, இருநூறு மாதிரிகள் வரை செய்து பார்த்தார். 1983இல் 'ஜி-ஷாக்' கடிகாரம் வெளிவந்தது. ஆற்றுக்கும் மலைக்கும் போகிறவர்கள் இன்று உலகெங்கும் அதைக் கட்டுகிறார்கள். தகப்பன் கொடுத்தது உடைந்ததிலிருந்து, ஊரார் பிள்ளைகள் கவலையின்றிக் கட்டும் ஒரு பொருள் பிறந்தது. பொருளை இழந்தவர் எல்லாரும் நஷ்டப்பட்டவர் அல்லர் என்பதற்கு இதைச் சொன்னோம்.

நம் மருமகன் கதையை முடித்துவிடுகிறோம். நண்பனின் பல்லுக்கு வைத்தியம் செய்ய, கடிகாரத்தை விற்றுவிடுவதாகச் சொன்னான். அவனும் நாமும் ஆளுக்குப் பாதியாகப் பல் வைத்தியரின் செலவை ஏற்றுக்கொண்டோம். நம் பாதி நம் சொல்லுக்கான விலை. விற்க அவன் வாப்பா சம்மதிக்கவில்லை. "விக்கவும் வேணாம், பொட்டியில பூட்டவும் வேணாம். தினமும் கட்டு. கட்டுறப்பல்லாம் அந்தப் புள்ள முகம் உனக்கு ஞாபகம் வரணும்" என்றார். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற மனிதர். நாம் இத்தனை பக்கத்தில் எழுதியதை அவர் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அவன் கட்டுகிறான். வேலைக்குப் போகும்போது கட்டுகிறான், கல்யாண வீட்டுக்குக் கட்டுகிறான், மழையிலும் கட்டுகிறான். ஆற்றங்கரைக்கு வந்தால் கழற்றுகிறான். பல் போன பிள்ளைதான் இன்றும் அவனுக்கு நெருங்கிய தோழன். மிதவையில் பக்கத்தில் உட்காரும்போது மட்டும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு கேலி செய்வதாகக் கேள்வி.

நம் கடையிலும் ஒரு மாறுதல் உண்டு. இப்போது யாராவது, "இதைக் கட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்கலாமா?" என்று கேட்டால், எண்ணைப் பார்க்கிறோம், வளையத்தைப் பார்க்கிறோம், கொக்கியை நாலு தரம் இழுத்துப் பார்க்கிறோம். பிறகு, "பக்கத்தில் உட்காரப் போவது யார்?" என்று கேட்கிறோம். சிலர் விழிப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு டப்பாவில், நீர் புகாத பிளாஸ்டிக் கடிகாரங்கள் நாலைந்து போட்டு வைத்திருக்கிறோம். விற்பனைக்கு அல்ல. ஆற்றுக்கும் கடலுக்கும் போகிற பிள்ளைகள் தம் விலையுயர்ந்த கடிகாரத்தை நம்மிடம் வைத்துவிட்டு, இதைக் கட்டிக்கொண்டு போகலாம், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

சென்ற விடுமுறையில் அவற்றில் ஒன்று திரும்பி வரவில்லை. வாங்கிப் போன பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வந்து, "ஆத்தோட போயிருச்சு, மாமா. புடிக்கக் கை நீட்டல" என்றான். அவனை உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தோம். டப்பாவில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டோம்.